அடிபடும் பெயர்: ‘பபாபிலே’ என்ற சொல்லின் கதை

2025 ஏப்ரல் 21 அன்று போப் பிரான்சிஸ் இறந்தார். உடல் அடக்கம் முடிவதற்கு முன்பே உலகத்தின் செய்தித்தளங்கள் எல்லாவற்றிலும் ஒரே மாதிரியான பட்டியல் வந்துவிட்டது. பத்துப் பன்னிரண்டு முகங்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே நான்கு வரி. பியெத்ரோ பரோலின் ராஜதந்திரி. லூயிஸ் அந்தோனியோ தாக்லே ஆசியாவின் பிரான்சிஸ். பீட்டர் எர்டோ பழமைவாதிகளின் தேர்வு. சூதாட்டத் தளங்கள் இவர்கள் மேல் பந்தய விகிதம் போட்டன. மே 8 மாலை சிஸ்டைன் ஆலயப் புகைபோக்கியில் வெள்ளைப் புகை வந்தது. மாடத்தில் வந்து நின்றவர் ராபர்ட் பிரான்சிஸ் பிரவோஸ்ட். சிகாகோவில் பிறந்து, பெரு நாட்டில் பல ஆண்டுகள் பணியாற்றியவர். சில பட்டியல்களில் இருந்தார், பலவற்றில் இல்லவே இல்லை. ‘அமெரிக்கர் ஒருவரைப் போப் ஆக்க மாட்டார்கள்’ என்பது அதுவரை எல்லோரும் யோசிக்காமல் சொல்லிவந்த வாக்கியம்.

இந்தப் பட்டியலுக்கு இத்தாலியில் ஒரு பெயர் உண்டு. பட்டியலில் இருக்கும் ஒருவர் ‘பபாபிலே’. பலர் என்றால் ‘பபாபிலி’. ஆங்கிலம் உட்பட எத்தனையோ மொழிகள் இந்தச் சொல்லை மொழிபெயர்க்காமல் அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டன. ‘போப் ஆகக்கூடியவர்’ என்று ஒரு வரியில் பொருள் சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் இந்தச் சொல் ஏன் தேவைப்பட்டது, யாருக்குத் தேவைப்பட்டது என்று கேட்டால் கதை கொஞ்சம் நீளம்.

*

முதலில் சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். முன்பாதி ‘பாப்பா’. இத்தாலியில் இதன் முதல் அசையை அழுத்தினால் போப், கடைசி அசையை அழுத்தினால் அப்பா. இரண்டும் உறவுக்காரச் சொற்கள்தான். கிரேக்கக் குழந்தைகள் தகப்பனைக் கூப்பிட்ட ‘பப்பாஸ்’ என்ற மழலை, கிறிஸ்தவத்தின் முதல் நூற்றாண்டுகளில் ஆயர்களுக்கான மரியாதைச் சொல்லாக மாறியது. அப்போது அது ரோமுக்கு மட்டும் உரியதல்ல. அலெக்சாண்டிரியாவின் தலைமை ஆயரை இன்றும் போப் என்றுதான் அழைக்கிறார்கள். மேற்கில் அந்தச் சொல் மெல்ல மெல்ல ரோமின் ஆயருக்கு மட்டுமே என்று சுருங்கியது. 11ஆம் நூற்றாண்டில் ஏழாம் கிரகோரி காலத்தில் அதை ஒரு கொள்கையாகவே எழுதிவைத்தார்கள். நம் ஊர்ப் பழைய புத்தகங்களில் வரும் ‘பாப்பு’, ‘பாப்பரசர்’ எல்லாம் இதே சொல் போர்ச்சுக்கீசியர் வழியாக வந்து இறங்கியதுதான். இப்போதைய ‘திருத்தந்தை’ அதற்குள் ஒளிந்திருந்த அப்பாவை மறுபடி வெளியே கொண்டுவந்த சொல்.

பின்பாதி ‘ஆபிலே’. இலத்தீனிலிருந்து வந்த விகுதி. மேற்கத்திய இசை படித்தவர்களுக்கு ‘கன்டாபிலே’ தெரிந்திருக்கும்: பாடத்தக்க, பாடுவதுபோல் வாசிக்கவேண்டிய. ‘அமாபிலே’ என்றால் அன்புக்குரிய. ‘மஞ்ஜாபிலே’ என்றால் சாப்பிடக்கூடிய. இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. தமிழில் ‘ஆகத்தக்கவர்’ என்றால் அது தகுதி. ‘ஆகக்கூடியவர்’ என்றால் அது சாத்தியம். இரண்டையும் நாம் தனித்தனியாகச் சொல்லிவிட முடியும். இத்தாலிய விகுதியில் இரண்டும் ஒரே பாத்திரத்தில் கிடக்கின்றன. ஒருவரைப் பபாபிலே என்று சொல்பவர், ‘இவர் அந்த நாற்காலிக்கு உகந்தவர்’ என்கிறாரா, ‘இவருக்கு ஓட்டு விழும்போல் இருக்கிறது’ என்கிறாரா? சொல்பவரே பல சமயம் யோசித்திருக்க மாட்டார்.

தமிழில் இதற்கு இணையான ஒற்றைச் சொல் இல்லை. ஆனால் ஒரு சொற்றொடர் இருக்கிறது. கட்சித் தலைவர், துணைவேந்தர், நடுவர் என்று எந்தப் பதவி காலியானாலும் நாம் சொல்வது: ‘இன்னாருடைய பெயர் அடிபடுகிறது’. யார் அடிக்கிறார்கள் என்று தெரியாது. எங்கே அடிபடுகிறது என்றும் தெரியாது. ஆனால் அடிபடுவது மட்டும் நிச்சயம். பபாபிலே என்பதற்கு இதைவிட நெருக்கமான மொழிபெயர்ப்பு எனக்குத் தோன்றவில்லை. இந்தச் சொல்லின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, ‘அடிபடுதல்’ என்பதன் நேர்ப்பொருளும் பொருந்திப் போவதைப் பார்க்கலாம்.

*

சரி, ‘வேட்பாளர்’ என்று சொல்லிவிட்டுப் போகலாமே, எதற்கு ஒரு தனிச் சொல்?

ஏனென்றால் போப் தேர்தலில் வேட்பாளர் கிடையாது. யாரும் மனு தாக்கல் செய்வதில்லை. முன்மொழிவு, வழிமொழிவு, பிரச்சாரம் எதுவும் இல்லை. ‘எனக்கு இது வேண்டும்’ என்று ஒருவர் வாயைத் திறந்தால் அன்றோடு அவர் கதை முடிந்தது. வேட்பாளர் என்ற தமிழ்ச் சொல்லிலேயே வேட்கை இருக்கிறது. ஐரோப்பிய மொழிகளின் ‘கேண்டிடேட்’, பழைய ரோமானியர்கள் பதவிக்குப் போட்டியிடும்போது அணிந்த வெளுத்த அங்கியிலிருந்து வந்தது: நான் நிற்கிறேன், என்னைப் பாருங்கள் என்பதற்கான வெள்ளை. போப் தேர்தலிலோ வெள்ளை அங்கி ஜெயித்த பிறகுதான் கிடைக்கும். அதுவரை எல்லோரும் சிவப்பில் இருக்கவேண்டும், எல்லோரும் ஆசையில்லாதவர்களாக இருக்கவேண்டும்.

ஆனால் யாராவது ஒருவரைத் தேர்ந்தெடுத்துத்தானே ஆகவேண்டும்? வேட்பாளரே இல்லாத தேர்தலில் பேசுவதற்கு ஒரு சொல் வேண்டும். ஆசைப்படுகிறவர் என்று சொல்லாமல், மற்றவர்கள் அவரை அப்படிப் பார்க்கிறார்கள் என்று மட்டும் சொல்லும் சொல். பபாபிலே அந்த வேலையைச் செய்கிறது. இலக்கணப்படியே அது செயப்பாட்டுவினையின் குடும்பம். அதில் எழுவாய் கிடையாது.

சட்டமும் இதில் உதவி செய்வதில்லை. 1059இல் இரண்டாம் நிக்கோலாஸ், தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் கர்தினால்களை முன்னால் வைத்தார். 1179இல் மூன்றாம் லாத்தரன் சங்கம் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்றது. இவையெல்லாம் தேர்ந்தெடுப்பவர்களைப் பற்றிய விதிகள். தேர்ந்தெடுக்கப்படுபவரைப் பற்றிச் சட்டம் சொல்வது மிகக் குறைவு. அவர் ஆயராக இல்லாவிட்டால் உடனே ஆயராகத் திருநிலைப்படுத்தவேண்டும் என்கிறது. அப்படியென்றால் ஆயராவதற்குத் தடையில்லாத கத்தோலிக்க ஆண் எவரும் போப் ஆகலாம் என்றாகிறது. வெறும் பேச்சுக்காகச் சொல்வதல்ல இது. 1271இல் வித்தெர்போ நகரில் தேர்வான பத்தாம் கிரகோரி கர்தினால் அல்ல. செய்தி போகும்போது அவர் சிலுவைப்போரில் ஆக்கர் நகரில் இருந்தார். 1294இல் மலையில் தவமிருந்த ஒரு முதிய துறவியைப் பிடித்து ஐந்தாம் செலஸ்தீன் ஆக்கினார்கள்; அதே ஆண்டு டிசம்பரில் அவர் பதவி விலகிவிட்டார். 1378இல் பாரி நகரப் பேராயர் ஆறாம் உர்பன் ஆனார். கர்தினால் அல்லாத ஒருவர் போப் ஆனது அதுவே கடைசி.

சட்டத்தின் வாசல் அவ்வளவு அகலம். நடைமுறையின் வாசல் ஒரு சாவித்துவாரம். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடம்தான் பபாபிலே என்ற சொல் வாழும் இடம்.

*

சொல் செழித்து வளர்ந்தது 16ஆம் நூற்றாண்டு ரோமில். அன்றைய ரோம் வதந்தியின் தலைநகரம். வெனிஸ் தூதர்கள் ஊர் திரும்பியதும் தங்கள் செனட் முன்னால் நீண்ட அறிக்கை வாசிக்கவேண்டும். அடுத்த போப் யாராக இருக்கலாம், அவர் வெனிசுக்கு நல்லவரா கெட்டவரா என்ற கணக்கு அதில் முக்கியமான பகுதி. கையால் எழுதி விற்கப்பட்ட செய்திமடல்கள் இருந்தன. பஸ்கீனோ என்ற மூக்குடைந்த பழைய சிலையில் இரவோடு இரவாக வசைக்கவிதைகள் ஒட்டப்பட்டன. 1521-22 தேர்தலின்போது அரெத்தீனோ என்ற எழுத்தாளர் அந்தச் சிலையின் பெயரில் கர்தினால்களைக் கிழிகிழியென்று கிழித்தார்.

எல்லாவற்றுக்கும் மேல் பந்தயம். ரோமின் வங்கிக்காரர்கள் தெருவில் கர்தினால்கள் மேல் பணம் கட்டினார்கள். 1549-50 தேர்தலில் இருந்த வெனிஸ் தூதர் தாந்தோலோ எழுதியது சுவாரசியம்: வியாபாரிகளுக்கு உள்ளே நடக்கும் ஓட்டுக் கணக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது, கர்தினால்களின் பணியாளர்களே அவர்களோடு கூட்டுச் சேர்ந்திருக்கிறார்கள் என்கிறார். கதவைப் பூட்டுவதால்தான் அதற்குக் ‘கான்கிளேவ்’, சாவிக்குள் இருப்பது, என்று பெயர். பூட்டு இருந்தது, பணம் அதைத் தாண்டிப் போய்வந்தது. கடைசியில் 1591இல் பதினான்காம் கிரகோரி, போப் தேர்தல் மேல் பந்தயம் கட்டுபவர்கள் திருச்சபையிலிருந்து விலக்கப்படுவார்கள் என்று ஆணையிடவேண்டி வந்தது.

அந்த 1549-50 தேர்தல்தான் ‘அடிபடுதல்’ என்றால் என்ன என்று காட்டுகிறது. பந்தயத்தில் முன்னால் இருந்தவர் ஆங்கிலேயக் கர்தினால் ரெஜினால்ட் போல். இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றியின் உறவினர். அதே ஹென்றி அவருடைய வயதான தாயைச் சிரச்சேதம் செய்திருந்தார். போல் படித்தவர், ஒழுக்கமானவர், திருச்சபைக்குள் சீர்திருத்தம் வேண்டும் என்ற குழுவைச் சேர்ந்தவர். தேவையான வாக்குகளை அவர் நெருங்கிவிட்டார். ஓரிரவு அவருடைய ஆதரவாளர்கள் வந்து, இப்போதே உங்களை வணங்கிப் போப் ஆக்கிவிடுகிறோம் என்றபோது, காலையில் முறைப்படி ஆகட்டும் என்று மறுத்தார் என்பார்கள். காலையில் ஓட்டு பற்றவில்லை. கர்தினால் கராஃபா, போல் சமயப் பிறழ்வுக் கருத்துகள் உள்ளவர் என்று கான்கிளேவுக்குள்ளேயே குற்றம் சாட்டினார். பிரெஞ்சுக் கர்தினால்கள் வந்து சேர்ந்தார்கள், காற்று திரும்பியது. 1550 பிப்ரவரியில் யாரும் பெரிதாக நினைத்திராத தெல் மோந்தே மூன்றாம் ஜூலியஸ் ஆனார்.

கதை அங்கே முடிந்திருந்தால் ஒரு தோல்வி, அவ்வளவுதான். ஆனால் 1555இல் குற்றம் சாட்டிய கராஃபாவே நான்காம் பவுல் என்ற பெயரில் போப் ஆனார். 1557இல் போலின் தூதர் பதவியைப் பறித்து ரோமுக்கு வரச்சொன்னார். போல் வரவில்லை, அடுத்த ஆண்டு இங்கிலாந்திலேயே இறந்தார். போலின் நண்பரும், அதேபோல் பெயர் அடிபட்டவருமான கர்தினால் மொரோனே சாந்தாஞ்சலோ கோட்டையில் அடைக்கப்பட்டார். நான்காம் பவுல் இறந்த பிறகுதான் வெளியே வந்தார். பபாபிலேயாக இருப்பது என்றால், எதிராளி நம்மைப் பற்றிக் கோப்பு தயாரிக்கத் தொடங்கிவிட்டான் என்றும் அர்த்தம்.

*

சொல்லில் எழுவாய் இல்லை என்றேன். ஆனால் வரலாற்றில் எப்போதும் எழுவாய் உண்டு. யார் பபாபிலே என்று முடிவு செய்தவர்கள் இருந்தார்கள்.

1522 ஜனவரியில் உத்ரெக்ட் நகரைச் சேர்ந்த ஏட்ரியன் தேர்வானபோது அவர் ரோமிலேயே இல்லை, ஸ்பெயினில் இருந்தார். அந்நியரா என்று ரோம் மக்கள் கர்தினால்களைத் தெருவில் வசைபாடினார்கள். அவர் 1523இல் இறந்த பிறகு 1978 வரை இத்தாலியர் அல்லாத போப் ஒருவர்கூட இல்லை. 1522இலிருந்து 1978 வரை எண்ணினால் ஏறத்தாழ 456 ஆண்டுகள். எந்தச் சட்டத்திலும் ‘இத்தாலியராக இருக்கவேண்டும்’ என்று எழுதியிருக்கவில்லை. எழுதவேண்டிய தேவையும் இல்லை, அந்த விதி சொல்லுக்குள் போய் உட்கார்ந்துகொண்டிருந்தது.

அரசர்களும் கை வைத்தார்கள். ஸ்பெயின், பிரான்ஸ், ஆஸ்திரியா ஆகியவற்றின் கத்தோலிக்க அரசர்கள் ‘இவர் வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை தங்களுக்கு உண்டு என்றனர். 1903இல் பதின்மூன்றாம் லியோ இறந்தபோது முன்னணியில் இருந்தவர் அவருடைய செயலர் ரம்போல்லா. ஆகஸ்ட் 2 அன்று கிராக்கோவ் நகர ஆயர் கர்தினால் புசினா எழுந்து, ஆஸ்திரியப் பேரரசர் பிரான்ஸ் ஜோசப்பின் தடையை வாசித்தார். கர்தினால்கள் கொதித்தார்கள். ரம்போல்லாவின் வாக்கு அதற்குப் பிறகு ஒன்று கூடியது, பிறகு கரைந்தது. தடை இல்லாவிட்டாலும் அவர் ஜெயித்திருக்க மாட்டார் என்று வாதிடும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. தேர்வானவர் வெனிசின் சார்த்தோ. திரும்பிப்போக ரயில் டிக்கெட்டும் எடுத்துக்கொண்டு ரோமுக்கு வந்தவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். பத்தாம் பயஸ் ஆன சார்த்தோ 1904இல் முதல் வேலைகளில் ஒன்றாக அந்தத் தடை உரிமையை ஒழித்துக்கட்டினார். தன்னைப் போப் ஆக்கிய கருவியைத் தானே உடைத்தார்.

20ஆம் நூற்றாண்டில் இந்தச் சொல்லை அதிகநாள் சுமந்தவர் ஜெனோவாவின் ஜுசெப்பே சிரி. 46 வயதில் கர்தினால் ஆனார். 1958, 1963, 1978இல் இரண்டு முறை என நான்கு கான்கிளேவ்களிலும் அவர் பெயர் அடிபட்டது. 1978 அக்டோபரில் சிரிக்கும் புளோரன்சின் பெனெல்லிக்கும் இடையே இழுபறி. இரண்டு இத்தாலியர்களும் ஒருவரையொருவர் தடுத்து நின்ற இடைவெளியில் போலந்திலிருந்து ஒருவர் வந்தார்: கரோல் வொய்த்திவா, இரண்டாம் ஜான் பால். ‘இத்தாலியர்’ என்ற எழுதப்படாத விதியை எந்தச் சட்டத்திருத்தமும் மாற்றவில்லை, இந்தச் சிக்கல் மாற்றியது. சிரி 1989இல் இறந்தார், கர்தினாலாகவே.

*

ரோமில் ஒரு பழமொழி இருக்கிறது: போப்பாகக் கான்கிளேவுக்குள் போகிறவன் கர்தினாலாக வெளியே வருவான். செய்தியாளர்களுக்கு மிகவும் பிடித்த பழமொழி இது, பட்டியல் பொய்த்தால் சாக்குச் சொல்ல உதவும். உண்மையில் கணக்குப் பார்த்தால் பாதிதான் சரி. 1939இல் எல்லோரும் எதிர்பார்த்த பச்சேல்லி மூன்றாவது வாக்கெடுப்பிலேயே பன்னிரண்டாம் பயஸ் ஆனார். 1963இல் எதிர்பார்க்கப்பட்ட மொந்தீனி ஆறாம் பவுல் ஆனார். 2005இல் ராட்சிங்கர். பட்டியல் சில சமயம் பலிக்கிறது. பலிக்கும் நாளில் யாரும் பழமொழியை நினைப்பதில்லை.

பொய்த்த நாள்களோ மறக்கமுடியாதவை. 2013 மார்ச் 13 இரவு. முன்னணியில் பேசப்பட்டவர் மிலான் பேராயர் ஸ்கோலா. புதிய போப்பின் பெயர் அறிவிக்கப்பட்ட பிறகு, இத்தாலிய ஆயர் பேரவையிலிருந்து ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் போனது: ஸ்கோலா போப் ஆனதற்கு மகிழ்ச்சி. முன்கூட்டியே தயார் செய்துவைத்திருந்த கடிதம். மாடத்தில் நின்றிருந்தவரோ புவனஸ் அயர்ஸின் பெர்கோலியோ. 2005 தேர்தலில் இரண்டாவதாக வந்தவர் என்று செய்தி வந்திருந்தும், 76 வயதாகிவிட்டது, அவர் காலம் முடிந்தது என்று பலரும் அவரைத் தாண்டிப் போயிருந்தார்கள். 8ஆம் நூற்றாண்டில் சிரியரான மூன்றாம் கிரகோரிக்குப் பிறகு ஐரோப்பாவுக்கு வெளியே பிறந்த முதல் போப் அவர்தான்.

சட்டமும் இந்தச் சொல்லும் எவ்வளவு விலகிப்போக முடியும் என்பதற்குச் செஞ்சிப் பக்கத்திலிருந்தே ஓர் உதாரணம் உண்டு. கல்லேரி கிராமத்தில் 1924இல் பிறந்த சைமன் லூர்துசாமி 1985இல் கர்தினால் ஆனார், வத்திக்கானில் கீழைச் சபைகளுக்கான துறையின் தலைவராக இருந்தார். 80 வயதைத் தாண்டிய கர்தினால்கள் வாக்களிக்க முடியாது என்று 1970இல் ஆறாம் பவுல் விதித்திருந்தார். லூர்துசாமிக்கு 2004 பிப்ரவரியில் 80 ஆனது. கான்கிளேவ் 2005 ஏப்ரலில் வந்தது. அவர் ஓட்டுப்போட முடியாது. ஆனால் அந்த வயது வரம்பு தேர்ந்தெடுக்கப்படுவதற்கு இல்லை; சட்டப்படி அவரைப் போப்பாகத் தேர்ந்தெடுக்கலாம்! யாரும் அவரைப் பபாபிலே என்று சொல்லவில்லை. சட்டம் மறுக்காத ஒன்றைப் பேச்சு மறுத்துவிடும் விதம் இதுதான். அது ‘முடியாது’ என்று சொல்வதே இல்லை, பட்டியலில் பெயரை எழுதாமல் விட்டுவிடுகிறது, அவ்வளவுதான்.

இத்தாலியர்கள் இந்தச் சொல்லை அச்சாக வைத்து வேறு சொற்களையும் வார்த்துவிட்டார்கள். அமைச்சராகக்கூடியவர் ‘மினிஸ்திராபிலே’. குடியரசுத் தலைவரின் மாளிகையான குயிரினாலேவுக்குப் போகக்கூடியவர் ‘குயிரினாபிலே’. போப் யார் என்று ஊகிக்கும் விளையாட்டுக்குக் கால்பந்துப் பந்தயச் சீட்டின் பெயரை ஒட்டி ‘தோத்தோபாப்பா’. 1591இல் தடைசெய்யப்பட்ட பந்தயம் சொல்லாக மாறி உயிரோடு இருக்கிறது.

இத்தனை நூற்றாண்டுப் பேச்சுக்கும் பிறகு சிஸ்டைன் ஆலயத்துக்குள் ஒரு கர்தினால் கையில் எடுத்துக்கொள்ளும் வாக்குச்சீட்டில் எந்தப் பட்டியலும் கிடையாது. மேல்பாதியில் இலத்தீனில் ‘தலைமைக் குருவாக நான் தேர்ந்தெடுப்பவர்’ என்ற பொருளில் சில சொற்கள் அச்சாகியிருக்கும். கீழ்ப்பாதி வெற்றிடம். அங்கே தன் கையெழுத்து தெரியாதபடி மாற்றி ஒரு பெயரை எழுதி மடிக்கவேண்டும். வெளியே உலகம் பத்துப் பெயர்களை அடித்துக்கொண்டிருக்க, 2025 மே மாதத்தில் 133 பேர் அந்த வெற்றிடத்தின் முன் உட்கார்ந்தார்கள். நான்காவது வாக்கெடுப்பில் அதில் எழுதப்பட்டது வெளியே அதிகம் அடிபடாத பெயர்.